வாங்கன்னு ஒரு வார்த்தை

யார் வந்தாலும் 'வாங்க' என்று சொல்லிவிட வேண்டும் அந்த அக்காவுக்கு. சொந்த வீட்டு வாசலில் நின்று சொன்னால் பரவாயில்லை. என் கடையில் நின்றுகொண்டு சொல்வார். உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் என் செல்போன் கடை. ரிப்பேர், ரீசார்ஜ், கவர், கண்ணாடி ஒட்டுவது எல்லாம் உண்டு. இரண்டு பேர் உள்ளே இருந்தால் மூன்றாம் ஆள் படியில்தான் நிற்க வேண்டும். அதில் ஓர் ஓரமாக ஒடுங்கி நின்றுகொண்டு, படி ஏறுகிற ஒவ்வொருத்தருக்கும் 'வாங்க' என்பார். வந்தவர் இவரைத்தான் முதலாளி என்று நினைத்துக்கொண்டு ரீசார்ஜ் நம்பரைச் சொல்ல ஆரம்பித்துவிடுவார். நான் முறைப்பேன். வந்தவங்கள வாங்கன்னு ஒரு வார்த்த கூப்ட்டா உன் வாயில கீற முத்தா உதிர்ந்துடும் என்று என்னைத்தான் திருப்பிக் கேட்பார்.

கேட்பார் என்று எழுதுகிறேன். ஆனால் அது குரலே இல்லை, வெறும் காற்று. பக்கத்தில் நின்றால்தான் வார்த்தை புரியும். ஒரு காலத்தில் கணீரென்ற தொண்டையாம். மானாம்பதி போகிற சாலையில் அவர் ஊர். அந்த ஊர் பால்வாடியில் வேலை பார்த்தவர். ஒரு சத்தம் கொடுத்தால் தெருக்கோடியில் ஒளிந்திருக்கிற பிள்ளை தானாக எழுந்து வந்துவிடும் என்பார்கள். பிறகு கழுத்தில் தைராய்டு கட்டி வந்து ஆபரேஷன் ஆனது. கட்டி போயிற்று, கூடவே குரலும் போயிற்று. குரல் இல்லாதவருக்குப் பால்வாடியில் என்ன வேலை? விட்டுவிட்டு வீட்டோடு ப்ளவுஸ் தைத்துக்கொண்டிருந்தார்.

பிள்ளை குட்டி கிடையாது. வீட்டுக்காரர் கல்யாணமான கொஞ்ச காலத்திலேயே பெங்களூர் பக்கம் வேலைக்குப் போனவர், போனவர்தான். சண்டை போட்டுக்கொண்டு போனாரா என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். எனக்கு வாய் சும்மா இருக்காது. அவர் கோபப்படவில்லை.

"சேச்சே. வரேன்னு சொல்ட்டுத்தான் போனாரு" என்றார்.

அவ்வளவுதான். அதற்கு மேல் அதில் பேச ஒன்றும் இல்லை என்கிற மாதிரி, மடியில் இருந்த ப்ளவுஸுக்குக் கொக்கி தைக்க ஆரம்பித்தார்.

அவர் முதல்முதலாக ஸ்மார்ட்போன் வாங்கியது என் கடையில்தான். அப்போது எங்கள் பக்கத்தில் அந்த மாதிரி போன் வைத்திருந்தவர்கள் கொஞ்சம் பேர். நெட் கார்டு போட்டால் சொட்டுச் சொட்டாக வரும். ஒரு போட்டோ திறப்பதற்குள் ஒரு டீ குடித்துவிடலாம். எதற்கு உங்களுக்கு இது, பட்டன் போன் போதாதா என்று கேட்டேன். பட்டன் போன்ல பேசத்தானே முடியும் என்றார். எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அவர் ஊருக்கு வருகிற டவுன் பஸ்ஸுக்கு ஒரு குணம் உண்டு. வந்தால் வரும். சாலைக்கு வருகிறவர்கள் எதிரில் யாரைப் பார்த்தாலும் முதலில் கேட்பது 'பஸ் போச்சா?' என்பதைத்தான். இவர் கேட்டால் யாருக்கும் காதில் விழாது. அதனால் அதை எழுத்தில் கேட்க ஒரு குரூப் வேண்டும் என்றார். கடையிலேயே செய்துகொடுத்தேன். குரூப்புக்குப் பெயர் என்ன வைக்கட்டும் என்றதற்கு, யோசிக்காமல் 'பஸ் போச்சா?' என்றார். கேள்விக்குறி உட்பட அதுதான் பெயர்.

முதலில் அவர் மட்டும் இருந்தார். இரண்டாவது என்னைச் சேர்த்தார். உடனே என் போன் சத்தம் போட்டது. எடுத்துப் பார்த்தால், எதிரிலேயே நிற்கிற மனுஷி எழுதியிருக்கிறார்: 'வாங்க தம்பி. இப்போ உங்க எதிர்ல இன்னா கீது?' நீங்கதான் இருக்கிறீர்கள் என்று வாயால் சொன்னேன். அத எய்து என்றார். என்ன கழுத்தறுப்புடா இது என்று எழுதினேன். அதைப் படித்துவிட்டுக் காற்றாகச் சிரித்தார். சிரித்து முடித்து, "நான் வந்தப்போ என்ன வாங்கன்னு கூப்ட ஒருத்தரும் இல்ல பாத்தியா. நானே உக்காந்துக்கினேன்" என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார்.

அந்தக் கேள்விதான் அந்தக் குரூப்பின் வழக்கமாகிவிட்டது. புதிதாக யார் வந்தாலும், பெயரைச் சொல்லி ஒரு 'வாங்க', பிறகு 'எதிர்ல இன்னா கீது?' வந்தவர் கண்ணெதிரில் இருப்பதை எழுத வேண்டும். ஈனப்போகிற எருமை, பஞ்சரான டயர், பாதி உரித்த வெங்காயம், ஆஸ்பத்திரி ஜன்னல். பால் சொசைட்டியில் எழுத்தராக இருந்த ஒரு சார், கொஞ்சம் விறைப்பான ஆள், வெறுமனே 'சுவர்' என்று எழுதினார். அக்கா விடவில்லை. சுவத்துல இன்னா கீது என்று கேட்டார். பல்லி என்று பதில் வந்தது. பல்லி இன்னா பண்ணுது? சும்மா இருக்கிறது. அன்றைக்குச் சாயந்தரம் வரைக்கும் வயலில் இருந்தவர், மில்லில் இருந்தவர், ஒரகடம் கம்பெனியில் ஷிப்டு பார்த்தவர் எல்லோரும் அந்தப் பல்லியைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தோம். கடைசியில் அந்த சாரே, 'பூச்சியைப் பிடித்துவிட்டது' என்று எழுதினார். மனிதர் எவ்வளவு சந்தோஷமாக எழுதினார் என்பது அந்த இரண்டு வார்த்தையில் தெரிந்தது.

நான் ஐயங்கார்குளத்துக்காரன். உத்திரமேரூரில் எனக்கு யாரையும் தெரியாது. கடைக்கு மேலேயே ஒரு அறை. கடையைச் சாத்திவிட்டுப் பரோட்டா பொட்டலத்தோடு மாடி ஏறினால் பேச்சுத் துணைக்கு மின்விசிறிதான். ஆனால் அந்த நாட்களில் நான் தனியாகச் சாப்பிட்டதாக ஞாபகமே இல்லை. ஒரு பக்கம் பொட்டலம், ஒரு பக்கம் போன். இன்னிக்கும் பரோட்டாவா என்று யாராவது கேட்பார்கள். யாராவது என்ன, அக்காதான் கேட்பார். அதைப் பார்த்து இன்னும் நாலு பேர் கேட்பார்கள். நானும் பெரிய அலுப்பு மாதிரி பதில் எழுதுவேன். உள்ளுக்குள் அவ்வளவு நன்றாக இருக்கும்.

வருகிறவர்களுக்கு 'வாங்க' மாதிரி, போகிறவர்களுக்கும் ஒரு முறை வைத்திருந்தார். சொல்லாமல் போகக் கூடாது. 'போறேன்' என்றும் சொல்லக் கூடாது. 'வரேன்' என்று எழுதிவிட்டுத்தான் குரூப்பை விட்டு எழ வேண்டும். ஓர் ஆள் போன் மாற்றுகிறபோது சத்தமில்லாமல் கழன்றுகொண்டான். அதற்கு அவர் பட்ட வருத்தம் இருக்கிறதே, சொந்தத் தம்பி வீட்டை விட்டுப் போன மாதிரி. கடைக்கு வந்து, அந்தப் புள்ளைய நாம எதுனா சொல்லிட்டமா என்று என்னைக் குடைந்து எடுத்துவிட்டார்.

பிறகுதான் நெட் சல்லிசானது.

அந்த வருஷத்தை நான் மறக்க மாட்டேன். சிம் கார்டுக்கு என் கடை வாசலில் வரிசை. நடவுக்குப் போகிற பெண்கள், ஆடு மேய்க்கிறவர்கள், கோயில் வாசலில் பூ விற்கிறவர், எல்லோர் கையிலும் போன் வந்துவிட்டது. சும்மா சொல்லக் கூடாது, எனக்கு அது நல்ல காலம். புதிதாக யார் போன் வாங்கினாலும் நம்ம குரூப்பில் சேர்த்துவிடு என்று அக்கா சொல்லி வைத்திருந்தார். நானும் சேர்த்தேன். சேர்ந்தவர்கள் மச்சினனைச் சேர்த்தார்கள், மச்சினன் தெருவையே சேர்த்தான். ஒவ்வொருத்தருக்கும் அவர் தனித்தனியாக 'வாங்க' எழுதினார். பெயர் தெரியாவிட்டால் என்னிடம் கேட்டுக்கொண்டு எழுதுவார். நான் கடுப்பில் இருப்பேன். மொத்தமாக எல்லாருக்கும் ஒரு 'வாங்க' போட்டுவிடுங்களேன் என்றேன். "கல்யாணத்துல வாசல்ல நிக்கறவங்க, மொத்தமா வாங்கன்னா சொல்வாங்க?" என்று கேட்டார். தையல் மெஷின் மேல் வெட்டின துணி அப்படியே கிடக்கும். இவர் போனைக் குனிந்து தட்டிக்கொண்டிருப்பார்.

ஆனால் வந்தவர்களுக்கு அந்த வழக்கம் புரியவில்லை. எதிரில் என்ன இருக்கிறது என்று கேட்டால், கட்டை விரலைத் தூக்கிக் காட்டுகிற பொம்மையைப் போட்டார்கள். ரோஜாப்பூ வந்தது. சாமி படம் வந்தது. இதைப் பத்துப் பேருக்கு அனுப்பாவிட்டால் கெட்டது நடக்கும் என்று வந்தது. எங்கோ வட நாட்டில் உடைந்த பாலத்தைக் காட்டி, செய்யாற்றுப் பாலம் உடைந்துவிட்டது என்று வந்தது. இத்தனைக்கும் நடுவில் பாவம், ஒரு பெண் 'பஸ் போச்சா?' என்று கேட்டிருந்தால், அதற்குப் பதில் வருவதற்குள் உண்மையிலேயே பஸ் போய்விட்டிருக்கும்.

வந்தவர்களில் என்னை அதிகமாகப் பேஜார் பண்ணியவர் ஒரு பெரியவர். மானாம்பதிக்கு அந்தாண்டை கோழிப் பண்ணைக் காவலுக்கு இருக்கிறவர். எழுதப் படிக்கத் தெரியாது. மகன் வாங்கிக் கொடுத்த போன். மினுமினுக்கிற ரோஜாப்பூவோடு காலை வணக்கம் அனுப்புவார், அதை மத்தியானத்திலும் அனுப்புவார். அது போதாதென்று வாய்ஸ் மெசேஜ் வேறு. திறந்தால் பின்னால் கோழிச் சத்தம், முன்னால் இவர்: "அலோ, கேக்குதா?" அவ்வளவுதான், முடிந்துவிடும். விஷயம் ஒன்றும் இருக்காது. மறுபடி ஒன்று வரும். "அலோ, கேக்குதா?" அந்த ஆளை முதலில் தூக்கிவிடலாம் என்று நான் அக்காவிடம் எத்தனையோ முறை சொன்னேன். அவர் என்ன செய்தார் தெரியுமா? ஒவ்வொரு 'கேக்குதா'வுக்கும் கீழே, 'கேக்குது' என்று எழுதி வைத்தார். அந்த மனுஷனுக்குத்தான் படிக்கவே தெரியாதே, யாருக்கு எழுதுகிறீர்கள் என்று கேட்டேன்.

"எனக்குத் தொண்ட இல்ல. அவருக்கு எய்த்து இல்ல. இன்னா பண்றது சொல்லு?" என்றார்.

அவர் ஒருத்தர் மட்டும் இல்லை. புதிதாக வந்தவர்களில் பாதிப் பேர் அப்படித்தான். எழுத்துக் கூட்டிப் படிக்க அலுப்பு, தட்டுவதற்கு அதைவிட அலுப்பு. குரூப்பே பேச்சாக மாறிப்போனது. சும்மா எய்திக்கினே கீறீங்களே, வாய்ஸ்ல சொல்லுங்க என்று அக்காவிடம் கேட்டார்கள். தப்பாக ஒன்றும் கேட்கவில்லை. கேட்டவர்களுக்கு அவர் தொண்டையைப் பற்றித் தெரியாது. தெரிந்த பழைய ஆட்கள் அப்போது அங்கே பேசுவதையே விட்டிருந்தார்கள்.

பழைய ஆட்கள் ஒரு வேலை செய்தார்கள். பால் சொசைட்டி சார் தலைமையில் புதிதாக ஒரு குரூப், பழைய ஆட்களுக்கு மட்டும். என்னையும் அக்காவையும் கூப்பிட்டார்கள். நான் போனேன். எனக்கென்ன, நிம்மதியாக இருந்தால் சரி. அக்கா வரவில்லை. வந்தவர்களைக் கூடத்தில் உட்கார வைத்துவிட்டு நாம் மட்டும் பின்பக்கமாக எழுந்து போவதா என்று கேட்டார். சார் நேரிலேயே கடைக்கு வந்து, கதவைச் சாத்தாவிட்டால் வீடு சத்திரமாகிவிடும் அம்மா என்று எடுத்துச் சொன்னார். அக்கா பதிலுக்கு அவருக்கு ஒரு டீ வரவழைத்துக் கொடுத்தார். அந்தப் புதுக் குரூப்பில் நாங்கள் எல்லோரும் ஒழுங்காக உட்கார்ந்திருந்தோம். யாரும் ரோஜாப்பூ அனுப்பவில்லை. யாரும் எதையும் கேட்கவும் இல்லை. இரண்டு மாதத்தில் அது தானாக அடங்கிவிட்டது. எதிரில் என்ன இருக்கிறது என்று ஒருத்தர் கேட்டால்தானே ஒருத்தர் சொல்வதற்கு?

அக்கா பழைய குரூப்பிலேயே இருந்தார். ஒருநாள் மத்தியானம் கடைக்கு வந்து, வாய்ஸ் எப்படி அனுப்புவது என்று கேட்டார். படிக்கத் தெரியாதவர்கள் வந்தால் வாங்க சொல்ல வேண்டாமா என்றார். மைக் பட்டனை அழுத்திப் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தேன். போனை வாய்க்கு அருகில் கொண்டுபோய், கண்ணை மூடிக்கொண்டு, அடிவயிற்றிலிருந்து 'வாங்க' என்றார். போட்டுக் கேட்டோம். ஏதோ ஓட்டைக் குழாயில் காற்று போகிற மாதிரி இருந்தது. மறுபடி சொன்னார். நான் கடையில் வந்தவர்களை நிற்க வைத்துவிட்டுக் காத்திருந்தேன். கொஞ்சம் வார்த்தை மாதிரி வந்ததை அனுப்பினார். முகமெல்லாம் அப்படி ஒரு பூரிப்பு.

என்னத்தைச் சொல்ல. யாரோ, இது இன்னா பேய் வாய்ஸா என்று கேட்டு, கண்ணீர் வரச் சிரிக்கிற பொம்மையைப் போட்டான். வேறு யாரோ அதை வெளியே அனுப்பினான். அது எங்கெங்கோ போய்ச் சுற்றியது. போன இடத்தில் எவனோ பின்னால் பயமுறுத்துகிற இசையைச் சேர்த்திருக்கிறான். ஒரு வாரம் கழித்து அது எங்கள் குரூப்புக்கே திரும்பி வந்தது. ஏரிக்கரையில் நடுராத்திரி கேட்ட குரல், யாரும் தனியாகப் போகாதீர்கள், எல்லோருக்கும் அனுப்புங்கள் என்று எழுதி. எங்கள் குரூப்பிலேயே அதைப் பார்த்துப் பயந்தார்கள். சாமி படம் போட்டார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் கையில் இருந்த போனின் கண்ணாடியை நானே உடைத்துவிட்டேன். அது ரிப்பேருக்கு வந்த போன்.

அக்கா கீழே எழுதியிருந்தார்: 'அது நான்தான். பயப்படாதீங்க.'

யாரும் அதைப் பார்க்கவில்லை. அதற்கு மேலே பத்து ரோஜாப்பூ ஏறிவிட்டது.

அதற்குப் பிறகு அவர் வாய்ஸ் அனுப்பவில்லை. ஆனால் எழுத்தில் 'வாங்க' நிற்கவில்லை. அதற்கும் ஒரு விபரீதம் வந்தது. இந்த நம்பர் யாருது, எந்நேரமும் வாங்க வாங்கன்னு போட்டுக்கினே கீது, கம்பெனி மிஷினா, தூக்கிவுடுங்க என்று ஒருத்தன் எழுதினான். ஆமாம் ஆமாம் என்று நாலு பேர் சேர்ந்துகொண்டார்கள். குரூப்பின் பெயரையும் மாற்றிவிட்டிருந்தார்கள், ஏதோ சிங்கம், கோட்டை, நெருப்புப் படம் என்று. அது யார் ஆரம்பித்த குரூப் தெரியுமா என்று நான் நீளமாக எழுதினேன். பால்வாடியில் தொடங்கி எல்லாவற்றையும் எழுதினேன். அதற்கு ஒருத்தர் கும்பிடுகிற கையைப் போட்டார். இன்னொருத்தர், யாராவது இறந்துவிட்டார்களோ என்று நினைத்து, ஆழ்ந்த இரங்கல் என்று போட்டார்.

கடைசியில் குரூப் நிரம்பியது. இதற்கு மேல் ஆள் ஏறாது என்று போனே சொல்லிவிட்டது. அந்தச் சமயத்தில்தான் காவாந்தண்டலத்துப் பெண் ஒருத்தி என் கடையில் முதல் போன் வாங்கினாள். சின்ன வயசு. கல்யாணமாகி வந்து ஒரு மாதம், புருஷன் ராணுவத்தில், வீட்டில் பேச ஆள் இல்லை என்று தானாகவே சொன்னாள். அந்த பஸ் குரூப்பில் என்னையும் சேருங்கள் அண்ணா என்றாள். இடம் இல்லை, யாராவது எழுந்தால் சொல்கிறேன் என்று அனுப்பினேன். அக்கா ஓரத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பெண் படி இறங்குகிறபோது, போயிட்டு வாம்மா என்றார். அவளுக்குக் காதில் விழவில்லை.

மறுநாள் மத்தியானம் அக்காவிடமிருந்து எனக்குத் தனியாக ஒரு செய்தி. 'ஒரு எடம் காலி ஆவுது. காவாந்தண்டலத்துப் பொண்ண சேத்துவுடு.' யாரோ ஒரு தொல்லையைக் கழற்றிவிட்டார் போல, நல்லது என்று நினைத்துக்கொண்டு அந்தப் பெண்ணைச் சேர்த்தேன். சேர்த்துவிட்டுத்தான் யார் எழுந்தது என்று மேலே தள்ளிப் பார்த்தேன். அக்காவின் நம்பர். அதற்கு மேலே அவர் அனுப்பிய ஒரு வாய்ஸ். எழுத்துத் தெரியாதவர்களுக்கும் சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்று நினைத்திருக்கிறார். அழுத்தினேன். ஒரே ஒரு வார்த்தை, காற்றாக: "வரேன்."

அவருடைய 'வரேன்'னுக்கும் அவர் எழுந்து போனதற்கும் நடுவில் ஒரே ஒரு பதில் இருந்தது. கோழிப் பண்ணைப் பெரியவர். வழக்கமான 'கேக்குதா'தான் என்று அதை நான் திறக்கவில்லை.

விடிந்ததும் வண்டியை எடுத்துக்கொண்டு அவர் ஊருக்குப் போனேன். தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தார். என்ன அக்கா இப்படிப் பண்ணிவிட்டீர்கள் என்று கத்த வேண்டும் என்றுதான் போனேன். "வா தம்பி" என்று சொல்லிவிட்டு, போனை எடுத்து என் முன்னால் வைத்து அழுத்தினார். கோழிச் சத்தம் கேட்டது. பிறகு அந்தப் பெரியவர் குரல்.

"வாம்மா, வா வா. யாரு வூட்டுப் பொண்ணு நீ? தொண்ட கட்டிக்கினு கீது போல. மொளகு ரசம் வெச்சிக் குடி."

அவர் சொன்ன 'வரேன்' அந்த மனுஷனுக்கு இப்போதுதான் வருகிறேன் என்று கேட்டிருக்கிறது. புதிதாக ஒரு பெண் வருகிறாள் என்று நினைத்து, குரூப்பே ஆரம்பித்தவரை வா என்று கூப்பிட்டிருக்கிறார். அக்கா மறுபடி அழுத்தினார். வாம்மா, வா வா.

"அவரு பேரப் பாத்ததும் பூ அனுப்பிக்கீறாருன்னு நெனச்சி தொறக்காம எய்ந்து வந்துட்டேன். அப்பறமாத்தான் கேட்டேன்" என்றார். "யாரு வூட்டுப் பொண்ணுன்னு கேக்கறாரு பாரு. வான்னு கூப்ட்ட மனுசனுக்குப் பதில் சொல்லாம வந்துட்டேனே."

யாரையாவது தூக்கிவிட்டு உங்களை உடனே சேர்க்கிறேன் என்றேன். உட்கார்ந்தவர்களை எழுப்பாதே என்றார். அப்படியானால் என் போனில் பேசுங்கள், நான் அவருக்கு அனுப்புகிறேன் என்று போனை நீட்டினேன். வாங்கி வாய்க்கு அருகில் கொண்டுபோனார். பிறகு திருப்பிக் கொடுத்துவிட்டார். சளி என்று நினைத்துக்கொண்டிருக்கிறார், அப்படியே நினைத்துக்கொள்ளட்டும் என்றார். நான் கிளம்பி வண்டியை உதைக்கும்போதும் உள்ளேயிருந்து அந்தக் கோழிச் சத்தம் கேட்டது.

அந்தப் பொங்கலுக்கு அவருடைய தங்கை வந்து அவரை ஓசூருக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டார். போகிற அன்று பையோடு கடைக்கு வந்தார். கடையில் ஆட்கள் இருந்தார்கள், எல்லோரையும் வாங்க என்றார். பிறகு என்னைப் பார்த்து 'வரேன்' என்றார். நானும் சரிக்கா, வாங்க என்றேன். வேறென்ன சொல்வது? நம் ஊரில் போகிறவர்களுக்கும் அதைத்தானே சொல்கிறோம். கொஞ்ச காலம் அவர் நம்பர் மணி அடித்தது. பிறகு உபயோகத்தில் இல்லை என்று சொல்ல ஆரம்பித்தது. நான் இப்போதும் அதே மாடி அறையில்தான் சாப்பிடுகிறேன். போனில் ஜனம் அடைத்துக்கொண்டு கிடக்கிறது. இன்னிக்கும் பரோட்டாவா என்று கேட்க ஒரு ஆள் கிடையாது. அந்த அக்கா இல்லாமல் எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருக்கிறது, அவ்வளவுதான்.

போன மாதம் ஒரு பெரியவர் கடைக்கு வந்தார். தோளில் துண்டு, கையில் துணியால் சுற்றின போன். வாங்க என்றேன். இப்போதெல்லாம் சொல்லிவிடுகிறேன். போனில் மைக் வேலை செய்யவில்லை, பார் நைனா என்றார். "நானும் வருசக்கணக்கா கேக்குதா கேக்குதான்னு கேட்டுக்கினு கீறேன். ஒருத்தரும் கேக்குதுன்னு சொல்ல மாட்டேன்றாங்க."

அந்தக் குரலை எங்கே கேட்டாலும் எனக்குத் தெரியும். பேசிப் பதிந்து பார்த்தேன். மைக்குக்கு ஒன்றும் இல்லை, மணி மணியாகக் கேட்டது. குரூப்பைத் திறந்து மேலே, மேலே என்று தள்ளிக்கொண்டே போனேன். ரோஜாப்பூக்களைத் தாண்டி, சிங்கம் கோட்டையைத் தாண்டி. கிடைத்தது. அந்த நாட்களில் அவர் அனுப்பிய ஒவ்வொரு வாய்ஸுக்கும் கீழே இருந்தது. விரலை வைத்துப் படித்துக் காட்டினேன். கேக்குது. கேக்குது. இங்கே பாருங்கள், கேக்குது.

பெரியவர் கண்ணாடி இல்லாத கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தார்.

"யாரு எய்துனது?"

"ஒரு நாள் தொண்ட கட்டிக்கினு ஒரு பொண்ணு பேசுச்சே, நீங்ககூட மொளகு ரசம் வெச்சிக் குடிக்கச் சொன்னீங்களே. அவங்கதான் ஐயா."

அவருக்கு ஞாபகம் இருந்தது. அதற்குப் பிறகு அந்தப் பெண் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லையே, தான் ஏதாவது தப்பாகக் கேட்டுவிட்டோமோ என்று மனசுக்குள் இருந்தது என்றார். தப்பாக ஒன்றும் கேட்கவில்லை, அவர் கிளம்பிவிட்டார் என்று சொன்னேன். பெரியவர் நம்பாத மாதிரி என்னைப் பார்த்தார்.

"கெளம்பிட்டாங்களா? வரேன்னு தானே நைனா சொல்லிச்சி அந்தப் பொண்ணு?"

"ஆமா ஐயா. வரேன்னுதான் சொன்னாங்க."

"அப்போ வரும்" என்றார். போனைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, பஸ் போச்சா என்று என்னைக் கேட்டார். இன்னும் போகவில்லை என்றேன்.